தோட்டத்து அங்காடி: நெகிரி செம்பிலானில் திருநாட் சந்தைகளின் வரலாறு

மலாய் மொழியில் கடைக்குக் ‘கெடாய்’ என்று பெயர். பெட்டிக்குப் ‘பெத்தி’ என்றும், வாணிகத்தில் இடும் முதலுக்கு ‘மோடால்’ என்றும், பண்டம் ஏற்றிவரும் கப்பலுக்குக் ‘காப்பால்’ என்றும் அம்மொழியினர் வழங்குவர். இந்நான்கும் தமிழிலிருந்து சென்ற சொற்கள் என்பர் மொழி நூலார். தமிழ் வணிகர் பன்னூறு ஆண்டுகட்கு முன்னரே இத்தீபகற்பத்தில் கடை விரித்து, முதலிட்டு, பெட்டி வைத்து வாணிகம் செய்தனர் என்பதற்கு வேறு சாசனம் தேட வேண்டுவதில்லை, இச்சொற்களே போதும். ஆயின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த தமிழர் கடை வைக்க வந்தவரல்லர். கூலி வேலைக்கு வந்தவர். காட்டின் நடுவே அமைந்த லயங்களில் குடியமர்த்தப்பட்ட அவர்கட்கு, நகரத்துக் கடைத்தெரு எளிதில் எட்டும் தொலைவில் இல்லை. ஆதலின் அவர்களைத் தேடி அங்காடியே வரவேண்டியதாயிற்று. அது வந்த வழியையும், வந்தபோது அவர்கள் வாழ்வில் விளைத்த மாறுதலையும் ஆராய்வது பயனுடைத்து.

அங்காடி மக்களைத் தேடி வருவது தமிழர்க்குப் புதியதன்று. மதுரைக் காஞ்சி பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் விரித்துரைக்கும். இவை மக்கள் நாடிச் செல்லும் அங்காடிகள். நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டு சென்று விற்ற உமணரோ, அங்காடியைச் சக்கரத்தின்மேல் வைத்து நடத்தியவர். கைக்குழந்தையோடு மாட்டை ஓட்டிச் செல்லும் உமணப் பெண்ணைப் பெரும்பாணாற்றுப்படை நம் கண்முன் நிறுத்துகின்றது. மலாய்க்காரர் ‘பசார் மாலாம்’ என்று சொல்லும் இரவுச் சந்தைக்கு அல்லங்காடி என்பது சொல்லுக்குச் சொல் பொருந்தும் தமிழ். ஆயினும் தோட்டத்துச் சந்தைக்கு நேரான முன்னோரைத் தேடுவோர் அல்லங்காடியை விட்டு உமணரிடமே செல்லல் வேண்டும்.

ஐரோப்பிய நகரங்களின் கிறிஸ்துமஸ் சந்தைகளை ஈண்டு ஒப்பு நோக்கலாம். செருமனியிலுள்ள டிரெஸ்டன் நகரின் சந்தை 1434ஆம் ஆண்டிலிருந்து அறியப்படுவது. நோன்பு முடிந்து திருநாள் விருந்துக்கு இறைச்சி வாங்கும் பொருட்டு ஒரு நாள் மட்டும் கூட அரசர் இசைவளித்த சந்தையாகவே அது தொடங்கிற்று. இன்று அத்தகைய நகரச் சந்தைகள் பல வாரங்கள் நடைபெறுகின்றன. வேற்று நாட்டார் வந்து காணும் காட்சிகளாகவும் விளங்குகின்றன. 2001ஆம் ஆண்டில் அமெரிக்கரான டீன் கேமன் ‘செக்வே’ என்னும் இருசக்கர மின்வண்டியை அறிமுகப்படுத்தினார். நின்றபடியே ஏறி, உடலை முன்னே சாய்த்தால் ஓடும் வண்டி அது. அதன்மேல் வரிசையாக நின்று, வழிகாட்டி முன்செல்லப் பின்தொடர்ந்து, நகர வீதிகளையும் திருநாட் கடைகளையும் சுற்றிப் பார்ப்பது பயணிகளின் ஒரு பொழுதுபோக்காயிற்று. ஆற்றுப்படைக்கு இப்படியும் ஒரு வழித்தோன்றல்! 2020ஆம் ஆண்டில் அவ்வண்டியின் உற்பத்தி நின்றுவிட்டது. அங்கே சந்தை நிலையாக நிற்க, வாங்குவோர் சக்கரத்தின்மேல் அதனைச் சுற்றிவந்தனர். நெகிரி செம்பிலான் தோட்டத்திலோ வாங்குவோர் நிற்க, சந்தை சக்கரத்தின்மேல் வந்தது. இவ்வேற்றுமைக்குக் காரணம் தோட்டத்தின் அமைப்பிலேயே உள்ளது.

தோட்டமும் அதன் வாயிலும்

சுங்கை ஊஜோங் பகுதியில் ஆங்கிலேயர் 1874இல் கால்வைத்தனர். சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இருப்புப்பாதை 1891இல் திறக்கப்பட்டது. ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டு செல்வதே அதன் முதல் நோக்கம். அக்காலத்தில் ஐரோப்பியத் தோட்டக்காரர் பயிரிட்டது காப்பி. ரந்தாவ் வட்டாரத்து லின்சம் தோட்டம் காப்பித் தோட்டமாகத் தொடங்கிப் பின்னர் இரப்பருக்கு மாறியதாகும். 1890களின் பிற்பகுதியில் பிரேசில் காப்பி உலகச் சந்தையை நிரப்பியதால் விலை வீழ்ந்தது. தோட்டக்காரர் இரப்பரை நாடினர். 1909, 1910ஆம் ஆண்டுகளில் இரப்பர் விலை வானளாவ உயர, ரந்தாவ், லிங்கி, லாபு, நீலாய், பகாவ், கெமாஸ் என மாநிலத்தின் பல பகுதிகளிலும் காடு அழிந்து கித்தாத் தோட்டம் எழுந்தது. கெமாசிலிருந்து பகாவுக்கு 1910இல் புகைவண்டி ஓடத் தொடங்கிற்று.

இத்தோட்டங்களுக்கு வேண்டிய ஆட்கள் பெரும்பாலும் திருச்சி, தஞ்சை, சேலம், வடார்க்காடு, தென்னார்க்காடு மாவட்டங்களிலிருந்து வந்தனர். ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆள் சேர்ப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி வழியாக ஆள் சேர்க்கும் முறையே ஓங்கி நின்றது. இந்திய அரசாங்கம் 1938இல் தடை விதிக்கும் வரை அது நீடித்தது. கங்காணி தன் ஊரிலும் சுற்றூர்களிலும் உள்ளவரைத் திரட்டி வந்தான். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தவனும் அவனே, வேலைக்களத்தில் மேற்பார்த்தவனும் அவனே. பல தோட்டங்களில் கடை வைத்திருந்தவனும் அவனே என்பதுதான் இங்கே கருதத்தக்கது.

தோட்டத்துக்குள் ஒரே கடை. அதனை நடத்துவதற்குத் துரையின் அனுமதி வேண்டும். அரிசி, பருப்பு, மிளகாய், உப்புமீன், தேங்காயெண்ணெய், சுருட்டு ஆகியவற்றைத் தொழிலாளி மாதம் முழுவதும் பற்றில் வாங்குவான். கணக்கு கடைக்காரனின் சிட்டையில் இருக்கும். எழுத்தறியாத தொழிலாளிக்கு அச்சிட்டை இருந்தும் இல்லாததே. சம்பள நாளன்று கிராணி பெயர் கூப்பிட்டுப் பணம் கொடுப்பார். சற்றுத் தள்ளிக் கடைக்காரன் நிற்பான். கொடுத்த பணம் தொழிலாளியின் கையில் தங்கும் நேரம் அவ்வளவே. விலையைப் பேசவும், பண்டத்தை மாற்றி வேறிடத்தில் வாங்கவும் அவனுக்கு வழியில்லை. கடனுள்ளவன் தோட்டம் மாறுவதும் கடினம். ஆகவே கடை என்பது அங்கே பண்டம் விற்கும் இடமாக மட்டும் அமையவில்லை. ஆளைப் பிடித்துவைக்கும் கயிறாகவும் அமைந்தது.

இக்கயிற்றை முதலில் தளர்த்தியவர் சட்டம் இயற்றியவரல்லர். சிரம்பானிலிருந்தும் கோலப்பிலாவிலிருந்தும் மூட்டை கட்டிவந்த சிறு வியாபாரிகளே.

சக்கரத்தின்மேல் வந்த சந்தை

சம்பள நாள் எதுவென்பது சுற்றுவட்டாரத்து வியாபாரிகளுக்கெல்லாம் தெரியும். தோட்டத்துக்குத் தோட்டம் அந்நாள் வேறுபடுவதால், ஒரு வியாபாரி இன்று ஒரு தோட்டத்திலும் நாளை மறுநாள் மற்றொன்றிலும் கடை விரிக்க இயன்றது. பால் மரம் வெட்டுவோர் விடியுமுன்பே பெரட்டுக்கு நின்று, நண்பகல் அளவில் பால் எடுத்து முடித்துக் கொட்டகைக்குத் திரும்புவர். ஆதலின் சந்தை கூடுவது பிற்பகலில். விளக்கு வைத்தபின்னும் சிறிது நேரம் நடக்கும். அலுவலகத்தின் முன்னுள்ள வெளியிலோ, லயத்துக்கும் கோயிலுக்கும் இடையிலுள்ள பாதையோரத்திலோ சாக்கை விரித்தால் கடை ஆயிற்று.

தொடக்கத்தில் வியாபாரிகள் தலைச்சுமையாகவும் காவடியாகவும் கொண்டுவந்தனர். மாட்டு வண்டியிலும் வந்தனர். சைக்கிள் வந்தபின்பே தோட்டத்துச் சந்தை பெருகிற்று எனலாம். செம்மண் பாதையில் மாட்டு வண்டி அரை நாளில் செல்லும் தொலைவைச் சைக்கிள் ஓரிரு மணி நேரத்தில் கடந்தது. தீனி வேண்டாம், கொட்டில் வேண்டாம். பின்புறம் அகன்ற தாங்கி பொருத்திய சைக்கிளில் துணி மூட்டை ஓராள் உயரம் எழும்பி நிற்கும். வடநாட்டார் துணி கொண்டுவந்தனர். அவர்களைத் தோட்டத்து மக்கள் பொதுவாக ‘பெங்காலி’ என்றே அழைத்தனர், அவர்களுள் பலர் பஞ்சாபியராயினும். தமிழ் முஸ்லிம்கள் துணியோடு வாசனைப் பொருளும் கொணர்ந்தனர். சீனர் காய்கறி, பன்றியிறைச்சி, தகரச் சாமான் கொண்டுவந்தனர். வளையல்காரர் வந்தார்; ரொட்டிக்காரர் வந்தார். மலாய்க் கம்பத்திலிருந்து பழமும் வாழையிலையும் வந்தன. தமிழும் மலாயும் கலந்த ஒரு பேச்சில் விலை பேசப்பட்டது. ‘பசார்’, ‘தவுக்கே’, ‘கம்பம்’ முதலிய சொற்கள் தோட்டத்துத் தமிழில் ஊறியதற்கு இச்சந்தைகள் பெரிதும் காரணமாயிருந்திருக்க வேண்டும். கடை என்னும் சொல்லைக் கொடுத்த தமிழர், பசார் என்னும் சொல்லைப் பெற்றனர். அச்சொல்லும் மலாய்க்காரருக்குப் பாரசீகத்திலிருந்து வந்ததே.

சந்தையில் பெண்கள் பெற்ற இடம் தனித்து நோக்கற்பாலது. பால் மரம் வெட்டுவதிலும் களை எடுப்பதிலும் பெண்கள் ஆண்களோடு உழைத்துத் தனிக்கூலி பெற்றனர். ஆயினும் மாதப் பற்று குடும்பத் தலைவன் பெயரில் எழுதப்படுவதால், தன் கூலி எங்கே போயிற்று என்பதைப் பெண் காண்பதரிது. அவள் ஒரு வளையலையோ ஒரு முழம் ரிப்பனையோ தானே விலை பேசிக் காசு கொடுத்து வாங்கிய இடம் சம்பள நாள் சந்தை. அதே மாலையில் கள்ளுக்கடையும் திறந்திருந்தது என்பதை மறைத்தல் வரலாறாகாது. பணம் வளையலுக்குப் போகுமா கள்ளுக்குப் போகுமா என்பது, மாலை நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் பல வீடுகளில் முடிவாகும் வழக்கு.

மழையும் திருநாளும்

திருநாளுக்கு முந்திய சம்பள நாளில் கூடும் சந்தையே ஆண்டின் பெருஞ்சந்தை. தஞ்சையிலிருந்து வந்தவர் வேளாங்கண்ணித் திருவிழாக் கடைகளையும் நாகூர்க் கந்தூரிக் கடைகளையும், திருச்சியிலிருந்து வந்தவர் சமயபுரத்துக் கடைகளையும் கண்டு பழகியவர். அக்கடைவீதியின் சிறு நிழலொன்றைத் தோட்டத்துத் திருநாட் சந்தையில் அவர்கள் கண்டனர். தீபாவளிக்குப் புதுத்துணி, எண்ணெய், வெல்லம், மத்தாப்பு. பொங்கலுக்குப் பானை, கரும்பு, மஞ்சள். தைப்பூசத்துக்குக் காவடிக்கு வேண்டுவன.

இங்கே ஒரு செய்தி பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. நெகிரி செம்பிலானில் அக்டோபர், நவம்பர் மாதங்கள் மழை மிகுந்தவை. மரம் நனைந்தால் பால் வெட்ட இயலாது. வெட்டிய பாலும் மழையில் கரைந்து வீணாகும். நாட்கூலிக்காரனுக்கு மழை நாள் கூலியற்ற நாள். அதாவது, செலவு மிகும் தீபாவளி, வருவாய் குறையும் பருவத்திலேயே வந்து சேர்கின்றது. தமிழகத்து உழவனுக்கு அறுவடையை ஒட்டி வரும் பொங்கலும், இங்கே அறுவடையற்ற தொழிலாளிக்குப் பெயரளவில் நின்றது. இந்த இடைவெளியை நிரப்பியது திருநாள் முன்பணம். தீபாவளிக்கு முன் தோட்ட நிருவாகம் ஒரு தொகை கொடுத்து, அடுத்து வரும் மாதங்களில் சிறிது சிறிதாகச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். சந்தையில் கண்ட செழிப்பு கடனாகப் பெற்ற செழிப்பே.

கிறிஸ்தவத் தமிழர் நிலை இன்னும் நெருக்கடியானது. தஞ்சை, திருச்சி, தென்னார்க்காட்டுப் பகுதிகளிலிருந்து வந்தவருள் கத்தோலிக்கரும் இருந்தனர். மலாயாவில் அவர்களுக்குத் திருப்பணி செய்த பாரிசு அயல்நாட்டு வேதபோதக சபைக் குருமாருள் சிலர் தமிழ் கற்றவர். சிரம்பானிலுள்ள விசிட்டேஷன் தேவாலயம் அவ்வட்டாரத்துக் கத்தோலிக்கருக்கு மையமாயிற்று. கிறிஸ்துமஸ் வருவது டிசம்பர் இறுதியில். மழையால் மெலிந்த சம்பளம் இரண்டு மாதம் கடந்து, அண்டை வீட்டார் தீபாவளிச் செலவை முடித்திருக்கும் காலத்தில். ஆகவே கிறிஸ்துமஸுக்கெனத் தனிச் சந்தை கூடுமளவு தோட்டத்தில் வாங்குவோர் இல்லை. டிசம்பர் மாதச் சம்பள நாள் சந்தையே அவர்களுடைய கிறிஸ்துமஸ் சந்தை. தீபாவளியில் விற்காமல் மிஞ்சிய சேலையும் சட்டைத் துணியும் அங்கே சற்று மலிவாகக் கிடைப்பதுண்டு. வீட்டில் சுட்டது அதே முறுக்கும் அதிரசமும். மூங்கிலை வளைத்துத் தாள் ஒட்டி நட்சத்திர விளக்கு செய்து வாயிலில் தொங்கவிட்டனர். அதற்குச் சந்தையில் வாங்க வேண்டியது வண்ணத்தாள் ஒன்றே. டிரெஸ்டன் நகரத்தார் தம் திருநாளுக்கெனத் தனிச் சந்தை கண்டனர். தோட்டத்துக் கிறிஸ்தவரோ பிற சமயத்தாரோடு ஒரே சாக்கு விரிப்பின்முன் நின்று வாங்கினர். சமய வேற்றுமை சந்தைக்குள் நுழையாததற்குச் சம்பளம் ஒன்றாயிருந்ததே காரணம்.

அச்சம்பளம் எவ்வளவு? 1928இல் முக்கியப் பகுதிகளில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என வரையறுத்தனர். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் அது சரிந்து, 1932 அளவில் ஆணுக்கு 28 காசும் பெண்ணுக்கு 24 காசுமாயிற்று. மாதம் 26 நாளும் மழையின்றி வேலை கிடைத்தாலும் கணவனும் மனைவியும் சேர்ந்து ஈட்டுவது 13 வெள்ளி 52 காசு. கடைப் பற்று போக மீதம் என்ன நிற்கும்? 1936இன் இறுதியில் இந்திய அரசாங்கத்தின் சார்பில் மலாயா வந்து நிலைமையை ஆராய்ந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், கூலியைப் பழைய அளவுக்கு உயர்த்த வேண்டுமெனப் பரிந்துரைத்தார். இதற்கிடையே 1922இல் கூட்டுறவுத் துறை அமைந்ததன் பயனாகத் தோட்டங்களில் சிக்கனச் சங்கங்கள் தோன்றின. மாதந்தோறும் சிறு தொகை சேமித்தவர் தீபாவளிக்குக் கங்காணியிடம் கை நீட்டாமல் சந்தைக்குச் செல்ல முடிந்தது. அமைதியாக நடந்த இம்மாறுதலுக்கு வரலாற்று நூல்கள் தரும் இடம் மிகச் சிறிது.

சந்தை அற்ற ஆண்டுகள்

1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் தோட்டத்துச் சந்தை அற்றுப்போயிற்று. துணி கிடைக்கவில்லை, அரிசிக்கு மரவள்ளிக்கிழங்கு ஈடாயிற்று. ஆடவர் பலர் சயாம் பருமா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவருள் திரும்பாதவர் மிகப் பலர். வாழைமரம் பொறித்த பத்து வெள்ளி நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்து, 1945இல் வெறுந்தாளாயிற்று. இதே காலத்தில், 1943 டிசம்பர் இறுதியில், கிறிஸ்துமஸ் கழிந்த சில நாட்களில், சிங்கப்பூர்க் கத்தோலிக்கர் பலர் பகாவ்க் காட்டில் குடியேற்றப்பட்டனர். அவர்களை அழைத்து வந்த ஆயர் தெவால் 1945 ஜனவரியில் காலமானார். நோயும் பசியும் அக்குடியேற்றத்தில் பலரைப் பலி கொண்டன.

போர் முடிந்து சந்தை மீண்டும் தலையெடுத்தபோது, 1948இல் அவசரகாலம் பிறந்தது. நெகிரி செம்பிலான் கடுமையாகத் தாக்குண்ட மாநிலங்களுள் ஒன்று. லயங்கள் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு செல்லாதிருக்கும் பொருட்டு, 1951இலிருந்து உணவுப் பண்டங்களின் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டது. கடுங்கட்டுப்பாட்டுப் பகுதிகளில் தகரத்தில் அடைத்த உணவை விற்கும்போதே துளையிட்டுக் கொடுத்தனர். பால் மரம் வெட்டப் போவோர் வாயிலில் சோதிக்கப்பட்டனர். வேலைக்குச் சோறு எடுத்துச் செல்லவும் தடை இருந்தது. சிரம்பான் வட்டாரத்தில் 1952இல் பெரும்படை நடவடிக்கை நடந்தது. அரிசி மூட்டையோடு சைக்கிளில் தோட்டம் தோட்டமாகச் செல்லும் வியாபாரிக்கு இக்காலத்தில் பிழைப்பேது? மாலை விளக்கில் நடந்த சந்தை ஊரடங்குச் சட்டத்தால் பகலிலேயே முடிந்தது. தோட்டத்தின் ஒற்றைக் கடை மீண்டும் ஒற்றைக் கடையாயிற்று. வாயிலைக் காத்தவன் மட்டும் மாறினான்.

ஆயினும் இதே ஆண்டுகளில் வேறொரு திசையில் வாயில் திறந்தது. நெகிரி செம்பிலானில் 1946இல் தொழிலாளர் சங்கப் பணியில் இறங்கிய பி. பி. நாராயணன், 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை வழிநடத்தினார். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், கூலியை எங்கே, எவரிடம், எவ்வாறு செலவிட வேண்டும் என நிபந்தனை விதிப்பதைச் செல்லாதாக்கிற்று. சில்லறைக் கடையிலோ மதுக்கடையிலோ வைத்துக் கூலி கொடுப்பதையும் தடுத்தது. 1957இல் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. கடைக்காரன் சம்பள மேசையருகே நிற்கும் பழங்காட்சியை எண்ணுவோர்க்கு, இவ்விரு விதிகளின் அருமை விளங்கும்.

1960இல் அவசரகாலம் நீங்கியபின் சைக்கிளுக்குப் பதில் மோட்டார் சைக்கிளும் வேனும் வந்தன. தொழிலாளியும் பேருந்தேறிச் சிரம்பான் போகலானான். அப்போது தோட்டத்துக்குள் வந்தவர் தவணைக்காரர். தையல் இயந்திரம், வானொலி, அலமாரி, பின்னர்த் தொலைக்காட்சி ஆகியவற்றை வேனில் கொண்டுவந்து, மாதத் தவணைக்கு விட்டுச் சென்றனர். சம்பள நாளன்று தவறாமல் அட்டையோடு வந்து நின்றனர். கடையின் பிடியைத் தளர்த்திய சக்கரமே புதிய பற்றையும் ஏற்றி வந்தது. ஆயினும் இரண்டும் ஒன்றெனக் கூறல் பொருந்தாது. பழைய பற்று அரிசிக்கு. புதிய தவணை தையல் இயந்திரத்துக்கு. பழைய சிட்டை கடைக்காரனிடம் இருந்தது. தவணை அட்டையின் ஒரு படி தொழிலாளியின் வீட்டில் இருந்தது. அதனைப் படிக்கத் தோட்டப் பள்ளியில் பயின்ற பிள்ளையும் அவ்வீட்டில் இருந்தது.

1950களில் பல தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. பின்னர் இரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. நீலாயிலும் சிரம்பானைச் சுற்றியும் தோட்ட நிலங்கள் வீட்டு மனைகளாயின. தோட்டத்து மக்கள் நகர்ப்புறக் குடியிருப்புகளுக்கு இடம்பெயர்ந்தனர். இன்று தீபாவளிக்குத் துணியும் பலகாரமும் வாங்க அவர்கள் செல்வது நகரத்துக் கடைவரிசைகளுக்கும் பசார் மாலாமுக்கும், அதாவது, அல்லங்காடிக்கு. லின்சம், சுவா பெத்தோங், பிராட்வால், லாபு, ஜெராம் பாடாங் ஆகிய தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்னும் தாங்கி நிற்கின்றன. தோட்ட அலுவலகங்களின் செக்ரோல் ஏடுகளில் ஒவ்வொருவர் பெயருக்கு நேரே நாட்கூலியும் பிடித்தமும் எழுதப்பட்டன. சம்பளத்தன்று மாலையில் அவர்கள் பாதையோரத்தில் பேரம் பேசி வாங்கியவை எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை.